அடி கறுத்த தக்காளி

கடையில் தக்காளி வாங்குகிறவர்கள் மேலே அழுத்திப் பார்ப்பார்கள். நான் கவிழ்த்து அடியைப் பார்ப்பேன். பழவேற்காடு கடைத்தெருவில் ஒருவர், "இன்னாம்மா, மாப்ள பாக்கறாப்புல திருப்பித் திருப்பிப் பாக்கற?" என்று கேட்டார். மாப்பிள்ளையை இப்படிப் பார்த்திருந்தால் ஊரில் பாதிக் கல்யாணம் நடந்திருக்காது என்று சொல்லிவிட்டு வந்தேன். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் வீட்டுக்காரர் தண்ணீருக்குப் போவதா, கரையில் நிற்பதா என்பது ஒரு காலத்தில் தக்காளியின் அடியைப் பொறுத்துத்தான் இருந்தது.

நான் பிறந்தது பொன்னேரிக்கு அந்தப் பக்கம், நெல் விளைகிற ஊர். கட்டிக்கொண்டது கோட்டைக்குப்பத்து மீனவரை. நாங்களே பேசி முடித்துக்கொண்ட கல்யாணம். என் வீட்டில் ரொம்ப நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. இவர் வீட்டில் என் மாமியார் பேசினார். பேசினார் என்றால், திட்டினார். "சேத்துல நட்டவளுக்கு மீனு ஆயத் தெரியுமா?" என்பார். எனக்கும் வாய் சும்மா இருக்காது. "சேத்துல நட்டதத்தான் அத்த நீங்க மூணு வேளையும் துன்றீங்க" என்பேன். அதற்கப்புறம் இரண்டு பேரும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு ஒரே சட்டியில் குழம்பு ஊற்றிச் சாப்பிடுவோம்.

மாமியாருக்கு இரண்டு பிள்ளைகள். மாமனார் எப்போதோ போய்விட்டார். பெரிய பிள்ளைக்குக் கல்யாணம் ஆகவில்லை. தம்பி முந்திக்கொண்டான் என்று சிரித்துக்கொண்டே எங்கள் கல்யாணத்துக்குப் பந்தல் கட்டியவர் அவர்தான். அந்த வீட்டில் என்னிடம் முதலில் சிரித்த ஆளும் அவர்தான்.

எங்கள் ஏரியில் நினைத்தவர் நினைத்த இடத்தில் வலை இறக்க முடியாது. எந்த நாள், எந்த இடத்தில், எந்த வீட்டு வலை இறங்கும் என்று சீட்டுப் போட்டு முறை வைத்திருப்பார்கள். அதற்குப் பாடு என்று பெயர். நம் பாட்டுக்கு நாம் போகவில்லையென்றால் அன்றைய இறால் நமக்கில்லை. மறுபடி அந்த நல்ல இடம் எப்போது வருமோ தெரியாது. முகத்துவாரத்துப் பக்கம் எங்கள் வீட்டுக்குப் பாடு விழுந்த ஒரு நாள், வாடைக்காற்று ஏறியிருந்தது. அண்ணனும் தம்பியும் போனார்கள். படகு கவிழ்ந்தது. இவர் வலைக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்தார், வேறு படகுக்காரர்கள் தூக்கிவந்தார்கள். பெரியவரை மறுநாள்தான் கொண்டுவந்தார்கள்.

மாமியார் அழவில்லை. குப்பமே அழுதது, நான் தலையில் அடித்துக்கொண்டு அழுதேன், அவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். காரியம் முடிந்ததும் பழையபடி கருவாடு போடும் களத்துக்கு வேலைக்குப் போனார். கல்நெஞ்சுக்காரி என்று சிலர் பேசினார்கள். நானும் மனதுக்குள் நினைத்தேன்.

இவரை நான் படகில் ஏறவிடவில்லை. "நீ ஏறுனினா அந்தப் பக்கம் நான் பஸ் ஏறிடுவேன், திரும்பி வரமாட்டேன்" என்று சொன்னேன். வெறும் மிரட்டல் இல்லை. இவரும் ஏறுகிற நிலையில் இல்லை. ஏரிப் பக்கம் வராமல் சுற்றிக்கொண்டு போவார். ஆனால் வயிறு கேட்குமா? டச்சுக்காரன் கல்லறைக்குப் பின்னால் மாமனார் விட்டுப்போன ஒரு துண்டு மணல் நிலம் சும்மா கிடந்தது. பக்கத்தில் டச்சுக்காரன் காலத்துக் கிணறு, செங்கல் பெயர்ந்து கிடந்தாலும் தண்ணீர் நல்ல தண்ணீர். கொத்தினால் கிளிஞ்சலும் பழைய பீங்கான் துண்டும்தான் வரும். அதில் தக்காளி போடலாம் என்றேன். இவருக்கு வலை பின்னத் தெரியும், செடி கட்டத் தெரியாது. நான் சொல்லிக்கொடுத்தேன். பாதி நேரம் சண்டை போட்டுக்கொண்டேதான் நட்டோம்.

செடி வந்த வரத்தைப் பார்த்து எனக்கே பெருமையாக இருந்தது. இலை கரும்பச்சையாக, கை அகலத்துக்கு. பூ பிடித்தது, காய் பிடித்தது. எலுமிச்சை அளவுக்கு வந்தபோது காயின் அடியில், காம்புக்கு நேர் எதிர்ப்பக்கம், தண்ணீர் கோத்தாற்போல ஒரு வட்டம். சில நாளில் அது பழுப்பாகி, கறுத்து, உள்ளே அமுங்கி, தோல் செருப்பாட்டம் தடித்துப் போனது. மேலே பார்த்தால் சிவப்பு. திருப்பினால் கறுப்பு. பக்கத்தில் வைத்த மிளகாய்க்கும் நுனி வெளுத்துச் சுருங்கியது. முதல் போகம் முழுக்கக் குப்பையில் கொட்டினோம்.

குப்பத்தில் ஆளுக்கொன்று சொன்னார்கள். கண் பட்டுடுச்சு என்றார்கள். டச்சுக்காரன் எலும்பு மேல வெச்சா வெளங்குமா என்றார்கள். ஒரு அம்மாள் என் காதில் மட்டும், "பெரியவன் சாந்தியாவலமே, தண்ணி கேக்கறான்" என்றாள். அவளை நான் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது.

இரண்டாம் தரம் நட்டோம். அந்த நேரத்தில்தான் குப்பத்து முக்கியஸ்தர் ஒருவர் வந்து இவரிடம் சொன்னார். அடுத்த பாட்டுக்குச் சீட்டுப் போடப்போகிறார்கள். வீட்டில் வலை இறக்க ஆள் இருந்தால்தான் சீட்டில் பெயர் வரும். "வர்றியா, வுட்டுடறியா? யோசிச்சி சொல்லு, வந்து கேப்பேன்." பழகிய மனிதர், கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. அவர் போனபிறகு இவர் வரப்பில் உட்கார்ந்து என்னிடம் சொன்னார்: "இந்தக் காய் தேறினா கரையில இருக்கேன். இதுவும் கறுத்துச்சினா நம்ம பேரு சீட்டுல இருக்கட்டும். வேற இன்னா பண்றது, சொல்லு." பஸ் ஏறிவிடுவேன் என்று மறுபடி மிரட்ட எனக்கு வாய் வரவில்லை.

மாமியார் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். அதிலிருந்து விடிந்தும் விடியாமல் களத்திலிருந்து ஒரு குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு தோட்டத்துக்கு வருவார். கருவாட்டுக்கு மீன் ஊறிய தொட்டியின் அடித் தண்ணீர், அதில் மீன் தலையும் குடலும் மிதக்கும். குப்பத்தில் தென்னைக்கு அதைத்தான் ஊற்றுவார்கள், மரம் குலை குலையாகத் தள்ளும். தென்னைக்கு ஆவது தக்காளிக்கு ஆகாதா? முதல் போகத்திலேயே அவர் அவ்வப்போது ஊற்றியிருந்தார். இப்போது தினம். ஒவ்வொரு செடியாகக் குனிந்து ஊற்றுவார். முட்டி வலிக்காரி, குனிந்தால் நிமிர நேரமாகும். மீன் வாடையில் எனக்குக் குமட்டும்; ஆனாலும் இலை இருந்த செழிப்பைப் பார்த்து, கிழவி விஷயம் தெரிஞ்சவதான் என்று நான்கூட ஒத்துக்கொண்டேன்.

முதல் காய் மறுபடி அடி கறுத்தது. அதைப் பார்த்த மறுநாள் மாமியார் இரண்டு குடமாகக் கொண்டுவந்தார். "பசிக்குது போல" என்றார்.

நான் கறுத்த காய் நாலைந்தைப் பையில் போட்டுக்கொண்டு இவரையும் இழுத்துக்கொண்டு பொன்னேரிக்குப் பஸ் ஏறினேன். அங்கே தோட்டக்கலை அதிகாரியாக ஓர் இளம்பெண் இருந்தார். காயை அறுத்துப் பார்த்தார். "இது பூச்சியும் இல்ல, நோயும் இல்ல. காய்க்குச் சுண்ணாம்புச் சத்து போய்ச் சேரல. கால்சியம் பத்தாத காய் அடியிலதான் முதல்ல சாகும்" என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. கிளிஞ்சல் மேலேயே குடித்தனம் பண்ணுகிறோம், டச்சுக்காரன் கோட்டையைக் கட்டினதே இந்த மண்ணில் எடுத்த கிளிஞ்சல் சுண்ணாம்பில்தான், எங்களிடம் வந்து சுண்ணாம்பு இல்லை என்றால் எப்படி என்று கேட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "மண்ணுல இருக்கிறது வேற, காய்க்குப் போறது வேறம்மா. நான் வந்து மண்ணப் பாக்கறேன். அதுவரைக்கும் எதையும் போடாதீங்க" என்றார்.

எங்கள் வீட்டு ஆளுக்கு எங்கே பொறுமை? வந்த மறுநாளே சூளையிலிருந்து ஒரு சாக்கு சுண்ணாம்பு கொண்டுவந்து நீற்றி, ஒரு பாத்தி முழுக்கக் கொட்டிவிட்டார். அந்தப் பாத்தி நாலு நாளில் மஞ்சளாகிக் கருகியது. நான் திட்டவில்லை. அவர் கருகிய செடிகளுக்கு நடுவில் நின்ற விதத்தைப் பார்த்தபிறகு திட்ட மனசு வரவில்லை.

அதிகாரி வந்தார். கருகிய பாத்தியைப் பார்த்து, "சொன்னா கேக்கமாட்டீங்களா? ஏற்கெனவே சுண்ணாம்பு மண்ணு, இதுக்கு மேல சுட்ட சுண்ணாம்பு போட்டா வேர் தாங்குமா?" என்று கடிந்துகொண்டார். அப்புறம் மற்ற பாத்திகளில் குனிந்து மேல்மண்ணை விரலால் வழித்தார். வெள்ளையாகப் பூத்திருந்தது. கிளிஞ்சல் பொடி என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். கையோடு கொண்டுவந்த கருவியில் மண்ணைக் கரைத்துப் பார்த்தார். கிணற்றுத் தண்ணீரையும் பார்த்தார். "தண்ணி நல்லா இருக்கு. மண்ணுல இவ்ளோ உப்பு எங்கேந்து வந்துச்சு?" என்றார்.

இவர் என்னைப் பார்த்தார். நான் இவரைப் பார்த்தேன். மாமியார் அந்த நேரம் களத்தில் இருந்தார்.

குடத்துத் தண்ணீரைப் பற்றி நான்தான் சொன்னேன். அதிகாரி பேனாவை மூடிப் பைக்குள் வைத்தார். பிறகு எங்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னார். கால்சியம் தானாக நடக்காது, வேர் குடிக்கிற தண்ணீரோடுதான் ஏறும். மண்ணில் உப்பு இருந்தால் வேர் குடிக்கத் திணறும். குடித்த கொஞ்சத்தையும் இலை இழுத்துக்கொள்ளும். மீன் கழிவு இலையைக் கொழுக்கவைத்தது, பெரிய இலை இன்னும் அதிகம் இழுத்தது. கடைசியில் இருக்கிற காயின் அடிக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. தென்னை உப்பைத் தாங்கும், தக்காளி தாங்காது. "கறுத்த காய் இனி தேறாது. அதைப் பறிச்சிப் போட்டுடுங்க. இனிமே புடிக்கிற காயைக் காப்பாத்தலாம். ஆனா அந்தத் தண்ணி ஒரு சொட்டுகூட இனி விழக்கூடாது" என்றார்.

செய்யவேண்டியதையும் சொல்லிவிட்டுப் போனார். ஜிப்சம் போட்டு மண்ணில் கலந்து, நல்ல தண்ணீர் நிறைய விட்டு உப்பைக் கீழே இறக்கவேண்டும். அதற்கப்புறம் ஒரு நாள் காயவிட்டு ஒரு நாள் முழுக்காட்டுவது கூடாது. கொஞ்சம் கொஞ்சமாக, தினம் ஒரே அளவாக. ஈரம் போகாமல் வைக்கோல் பரப்பவேண்டும். யூரியாவைத் தொடக்கூடாது. பிஞ்சு பிடிக்கும்போது கால்சியம் குளோரைடு லிட்டர் தண்ணீருக்கு ஐந்து கிராம் கரைத்து, வெயில் தாழ்ந்து, பிஞ்சின் மேல் படும்படி தெளிக்கவேண்டும். அதிகம் போட்டால் இலை கருகும்.

எல்லாம் செய்யக்கூடியதுதான். செய்ய முடியாதது ஒன்றுதான் இருந்தது.

"அம்மாகிட்ட சொல்லாத" என்றார் இவர்.

"சொல்லாம எப்டிய்யா நிறுத்தறது?"

"எப்டியாவது நிறுத்து. இதை மட்டும் சொல்லாத. தாங்காது அது."

ஒரு பிள்ளையைத் தண்ணீருக்குக் கொடுத்தவள், அடுத்தவன் தண்ணீருக்குப் போகாமல் இருக்கத்தான் குடம் சுமந்தாள். அவளிடம் போய், நீ ஊற்றியதுதான் காயைக் கொன்றது என்று எந்த வாயால் சொல்வது? எனக்கும் தெரியாமல் இல்லை. மறுநாள் காலையில், களத்தில் ஆள் தேடுகிறார்கள் என்று பொய் சொன்னேன். கேட்டுக்கொண்டே ஊற்றினார். அதற்கு மறுநாள் தோட்டத்து வாசல் படலைக் கயிறு போட்டுக் கட்டிவைத்தேன். அவிழ்த்துவிட்டு உள்ளே வந்திருந்தார். மூட்டு வலிக்கும், வேண்டாம் அத்த என்றேன். "உன் மூட்டா வலிக்குது?" என்றார். முக்கியஸ்தர் வந்து கேட்கப்போகிற நாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

அப்புறம் ஒரு காலையில் நான் போய்ப் பாத்தி முனையில் நின்றுகொண்டேன். அவர் குனியும்போது குடத்தின் கழுத்தைப் பிடித்துக்கொண்டேன்.

"உட்றி."

"அத்த, இதுல உப்பு கீது. தென்னைக்கு ஒண்ணும் ஆவாது. இதுக்கு ஆவாது. காய் கறுக்கிறது இதாலதான். ஆபீசரம்மா மண்ண எடுத்துப் பாத்துட்டுச் சொல்லிச்சி. யாருக்கும் தெரியாது அத்த, எனக்கும் தெரியல, ஒம் புள்ளைக்கும் தெரியல."

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். குடத்தைக் கீழே வைத்தார். கறுத்த காய் ஒன்றைக் கிள்ளி எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "மொத்தத்துக்குமா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். காயை மடியில் போட்டுக்கொண்டு, படலைத் தாண்டி வெளியே போனார். அன்றைக்குக் களத்துக்கும் போகவில்லை. கஞ்சி வைத்துக்கொடுத்தேன், தொடவில்லை. இவர் வந்து என் முகத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டார். என்னிடம் இரண்டு நாள் பேசவில்லை.

கறுத்த காயையெல்லாம் பறித்துப் புதைத்தோம். ஜிப்சம் வாங்கிவந்து போட்டோம். இவருக்குக் கிணற்றிலிருந்து இறைத்து இறைத்துத் தோளில் தோல் உரிந்தது. வைக்கோலுக்கு நான் என் ஊருக்குப் போனேன். கல்யாணத்துக்குப் பிறகு முதல் தடவையாக என் நைனா வாசலில் நின்று எனக்கு ஒன்று வேண்டும் என்று கேட்டேன். அவர் போய் வைக்கோலை வண்டியில் ஏற்றினார். அதைப் பற்றிச் சொன்னால் தனிக்கதையாகிவிடும், விடுங்கள்.

மாமியார் தோட்டத்துக்குள் கால் வைக்கவில்லை. படலுக்கு வெளியே பனைமரத்தடியில் வந்து உட்காருவார், எங்களைப் பார்ப்பார், எழுந்து போவார். உள்ளே வா அத்த என்றால், "நான் வந்தா ஆவாது" என்பார். அதை அவர் கோபமாகச் சொல்லவில்லை என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. என்னைத் திட்டுவதையும் நிறுத்திவிட்டார். வீட்டில் சத்தமே இல்லாமல் போனது.

புதுப் பிஞ்சு பிடித்தது. நான் விடிந்ததும் போய் ஒவ்வொன்றாக அடியைத் தடவிப் பார்ப்பேன். எலுமிச்சை அளவு வந்தது. தாண்டியது. ஒன்றிரண்டு கறுத்தன, எனக்கு உயிரே போய்விட்டது, மற்றவை கறுக்கவில்லை. வெளுத்து, மஞ்சளாகி, சிவந்தன. அடி மழமழவென்று சுத்தமாக இருந்தது. முதல் காயைப் பறித்துக் கொண்டுபோய் மாமியார் கையில் கொடுத்தேன். திருப்பிப் பார்த்தார். மறுபடி திருப்பிப் பார்த்தார். என்னிடமே கொடுத்துவிட்டார்.

நாங்கள் கூடை வைத்துப் பறித்துக்கொண்டிருந்த ஒரு நாள், முக்கியஸ்தர் வந்தார். மாமியார் பனைமரத்தடியில் இருந்தார். வந்தவர் படலுக்கு வெளியே நின்றே கேட்டார்: "நாளிக்கிச் சீட்டு. இன்னாப்பா சொல்ற? உங்க வூட்டுப் பேரப் போடட்டுமா?"

இவர் நிமிர்ந்து, கையைத் துடைத்துக்கொண்டு, "இல்லண்ணே. நான் வரல. இங்க வேல கீது" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். முக்கியஸ்தர் தலையாட்டிவிட்டு, கூடையைப் பார்த்து, "நல்லா வந்துருக்கு" என்று சொல்லிவிட்டுத் திரும்பினார். அவர் நாலு எட்டு வைப்பதற்குள் பனைமரத்தடியில் ஒரு சத்தம். மாட்டுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்தேன். மாமியார். மண்ணில் இரண்டு கையையும் ஊன்றி, தலையைக் கவிழ்த்து அழுதார். பெரியவர் போன நாளிலிருந்து அழாத அழுகை.

"இவன் வரலன்றானே. வாயத் தொறந்து வரலன்றானே. நீயும் சொல்லியிருக்கக் கூடாதா என் பெரியவனே? காத்து செரியில்லமானு நின்னியே, பாடு போயிடும், போடானு நான்தானே சொன்னேன். நான் போன்னா, போவமாட்டேன்னு சொல்றதுக்கு ஒனக்கு இன்னாடா? அம்மா சொல்றாளேனு போயிட்டியே."

நான் பறித்த காயைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அதுவரை எனக்குத் தெரியாது. இவர் ஓடிப்போய் அம்மாவைப் பிடித்துக்கொண்டார். "நீ சொல்லலனாலும் அண்ணன் போயிருக்கும்மா. நம்ம பாட்ட வுட்டுருமா அது?" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் அழுது ஓய்ந்தபிறகு, நான் ஒரு கையைப் பிடிக்க, இவர் ஒரு கையைப் பிடிக்க, படலைத் திறந்து உள்ளே கூட்டிவந்து கிணற்றடியில் உட்காரவைத்து முகம் கழுவிவிட்டோம். வரமாட்டேன் என்று சொல்ல அவரிடம் தெம்பு இல்லை.

கூடையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போகும் வழியில், மாமியார் முன்னால் நடக்க, நான் இவரிடம் மெல்லக் கேட்டேன்: "அது சொல்லித்தான் பெரியவரு போனாருனு ஒனக்குத் தெரியுமா?"

"தெரியும். படகத் தள்ளும்போது சொல்லிச்சி. மனசே இல்லடா, அம்மா சொல்லிடுச்சி, போய்ட்டு வந்துடலாம்னு."

"இவ்ளோ நாளா எங்கிட்டகூடச் சொல்லலியே."

அவர் கூடையைத் தோள் மாற்றிக்கொண்டார். "உங்கிட்ட சொன்னா, என்னிக்காவது ஒரு நாளு கோவத்துல நீ அத அம்மா மூஞ்சிக்கு நேரா சொல்லிடுவ" என்றார்.

சொல்லியிருப்பேன்தான்.